வேங்கிக்காலிலிருந்து வரும் போன்

என் நாத்தனாருக்கு எதிலும் முந்திக்கொள்ள வேண்டும். பஸ் வளைந்து வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாக அவருடைய கைக்குட்டை சீட்டில் விழுந்திருக்கும். பௌர்ணமிக்கு வெளியூர்க் கூட்டம் வந்து இறங்கும்போது அவர் மலையைச் சுற்றி முடித்துவிட்டு, வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பார். ஒரு கல்யாணத்தில் பெண் வீட்டாருக்கு முன்னால் மண்டபத்துக்குப் போய் நின்று, "இன்னாங்க, இன்னும் சந்தனமே கரைக்கலையா?" என்று கேட்டவர்.

நான் உண்டாகியிருப்பதையே எனக்குச் சொன்னவர் அவர்தான். கல்யாணமான புதிது. கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நான் முந்தானையால் மூக்கைப் பொத்தினேன். "தள்ளிப் போயிருக்கா?" என்றார். நான் விரலை மடக்கி எண்ணிப் பார்ப்பதற்குள் கூடத்துக்குப் போய் என் வீட்டுக்காரரிடம், "டேய், நீ அப்பனாகப் போறடா" என்று சொல்லியும்விட்டார். புருஷனிடம் நான் வெட்கப்பட்டுச் சொல்ல வேண்டிய சேதி அது. பொறாமைக்காரி என்று என்னை யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். அன்றைக்கு வயிற்றில் பற்றிக்கொண்டது இன்னும் அணையவில்லை.

அவர் என் வீட்டுக்காரருக்கு அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவருக்குக் கல்யாணம் என்று ஒன்று நடந்தது, நடந்த வேகத்தில் முடிந்தும் போனது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேச மாட்டோம். வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை, பக்கத்திலேயே சின்னதாகக் கட்டிக்கொண்ட வீடு, தனி ஆள். நாங்கள் டவுனுக்குள் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு மோட்டார் காயில் கட்டுகிற கடை, நான் வீட்டிலிருந்து ஜாக்கெட் தைக்கிறேன். இப்போது அண்ணி பதவி உயர்வு வாங்கிக்கொண்டு தெற்கே கடலோர மாவட்டம் ஒன்றுக்குப் போய்விட்டார். அவர் இங்கே இருந்த வரைக்கும் ஒரு நாள்கூட என்னால் நிம்மதியாக அவர் மேல் பிரியம் வைக்க முடிந்ததில்லை.

என் மகள் நாலாவது படிக்கும்போது குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், துரும்பாக இளைத்தாள். ஆஸ்பத்திரியில் சர்க்கரை என்றார்கள். பெரியவர்களுக்கு வருகிற சர்க்கரை இல்லை. உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோன வகை. வாழ்நாள் முழுக்க சாப்பாட்டுக்கு முன் ஊசி; போட்டபின் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை ஆபத்தாக இறங்கிவிடும். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் என்னைத்தான் கேட்டார்கள். "ஸ்வீட்டு ஜாஸ்தி குடுத்தியா?" "மாசமா இருக்கச்சே நீ இன்னா தின்ன?" அப்படிக் கேட்காதவர் அண்ணி ஒருத்தர்தான். அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் எடுத்து வைத்திருந்தேன். சொல்வதற்குள் அந்த டப்பாவோடு வந்துவிட்டார்.

டப்பா என்று நான்தான் சொல்வேன். அது ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும், திரை கிடையாது, ஒரு பச்சை விளக்கு மட்டும் மினுக்கும். பாப்பாவின் கையில் ஒரு பொட்டு மாதிரி சென்சார் ஒட்டியிருப்போம். அது ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பார்த்து அவளுடைய போனுக்குச் சொல்லும். போன் அதை நெட்டு வழியாக வேங்கிக்காலில் அண்ணியின் வீட்டு டப்பாவுக்கு அனுப்பும். டப்பா அதைப் புள்ளி புள்ளியாக வைத்துக் கோடு போட்டுக் காட்டும். இறங்கினாலும் ஏறினாலும் அண்ணியின் போன் கத்தும். வெளிநாட்டில் இதே மாதிரி பிள்ளைகளைப் பெற்றவர்கள் கூடி எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டிருக்கிறார்களாம். அண்ணி அந்தக் கூட்டத்தில் போய்ச் சேர்ந்து, ஒவ்வொரு வரியாகக் கேட்டுக் கேட்டு அடித்துக் கற்றுக்கொண்டார். அலுவலகத்தில் டைப் அடித்துப் பழகிய விரல்.

"எதுக்குக்கா நீ இவ்ளோ கஷ்டப்படுற? கம்பெனிக்காரனே செல்லுல காட்டுறானே" என்றார் என் வீட்டுக்காரர்.

"காட்டுறான். நாளைக்குக் காட்ட மாட்டேன்னா இன்னாடா பண்ணுவ? நம்ம பிள்ளை ரத்தக் கணக்கு ஊரான் வூட்டுக் கம்ப்யூட்டர்ல எதுக்குக் கிடக்கணும்? என் வூட்ல இருக்கட்டும்."

'என் வூட்ல' என்றார். நான் தோசை திருப்பிக்கொண்டிருந்தேன். 'நம்ம பிள்ளை' என்றதைவிட அந்த 'என் வூட்ல' எனக்குச் சுருக்கென்று தைத்தது.

அதிலிருந்து எங்கள் வீட்டில் போன் அடிக்க ஆரம்பித்தது. காலையில் பாப்பாவுக்குச் சடை பின்னிக்கொண்டிருப்பேன். அவள் தலை என் மடியில் இருக்கும், என் விரல் அவள் முடியில் இருக்கும். போன் வரும். "ஏம்மா, இறங்குது பாரு. குளுக்கோஸ் குடு." பக்கத்தில் இருக்கிற எனக்குத் தெரியாது, வேங்கிக்காலில் பல் விளக்கிக்கொண்டிருப்பவருக்குத் தெரியும். என் அம்மா வீட்டுக்குப் போனாலும் விடாது. "இன்னாம்மா, அங்க போனவுடனே ஏறுது? உங்கம்மா கேசரி பண்ணாங்களா?" பண்ணியிருந்தார்கள். என் அம்மா வாணலியும் கையுமாக என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

சுமந்தது நான், பெற்றது நான். அந்தப் பிள்ளையின் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று இன்னொருத்தி போன் பண்ணிச் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்றால் எந்தத் தாய்க்குத்தான் எரியாது?

"உன் போன்லயும் வைக்கிறேன் குடும்மா" என்று அவர் கேட்காமலில்லை. வைத்தும் கொடுத்தார். நான்தான் சத்தத்தை அடைத்துவிட்டேன். அவர் போட்டுக்கொடுத்த வழியில் போய் என் பிள்ளையைப் பார்ப்பதா என்று ஒரு வீம்பு.

இதில் பாப்பாவும் அத்தை பக்கம் சாய்ந்துவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஐஸ் வாங்கித் தின்றிருக்கிறாள். அண்ணிக்குப் புள்ளி ஏறியதுமே தெரிந்துவிட்டது. நேராக அவளுக்குப் போன் போட்டு, "இன்னா ஐஸு, சேமியாவா?" என்றிருக்கிறார். திட்டவில்லை. எவ்வளவு ஊசி கூடப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். "அம்மாகிட்ட சொல்லாத அத்த" என்று இவள் கெஞ்சியிருக்கிறாள். அந்த ஐஸ் கதை எனக்கு மாசக்கணக்கில் கழித்துத்தான் தெரியவந்தது, அதுவும் இருவரும் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு உள்ளே போய் ஒரு ஜாக்கெட் கையைத் தலைகீழாகத் தைத்து வைத்தேன்.

டப்பாவுக்காக அவர் விட்டதெல்லாம் உண்டு, இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். வெளியூரில் தங்க மாட்டார். அலுவலகத்தில் எல்லாரும் திருப்பதிக்கு வேன் எடுத்தபோது, "கரண்டு போனா யாரு பாக்கிறது?" என்று நின்றுவிட்டார். அவர் வீட்டு இன்வெர்ட்டரில் ஃபேன் ஓடாது, லைட் எரியாது; டப்பாவும் நெட்டுப் பெட்டியும் மட்டும் ஓடும். ஒரு தடவை கரண்டு வந்து வந்து போனதில் அதன் மெமரி கார்டு கெட்டுப்போயிற்று. அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்து சரி செய்தார். அன்றைக்கு நான் சாப்பாடு கொண்டுபோனேன். தலையே வாராமல், கண் சிவந்து, "வச்சுட்டுப் போம்மா" என்றார். என் பிள்ளைக்காக அவர் வாடிக் கிடப்பதைப் பார்த்தும் எனக்கு உருகவில்லை. இவ்வளவு செய்ய எனக்குத் தெரியவில்லையே என்றுதான் இருந்தது.

ஒரு கார்த்திகை தீபத்துக்கு ஊரில் கூட்டம் தாங்காமல் போனில் நெட்டே எடுக்கவில்லை. எங்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை, பாப்பா தெருவில் விளையாடிக்கொண்டிருந்தாள். பார்த்தால் அண்ணி வருகிறார். ஆட்டோ வண்டி எதையும் உள்ளே விடவில்லை. வேங்கிக்காலிலிருந்து அந்த ஜனத்துக்குள் நடந்தே வந்திருக்கிறார். புடவை கசங்கி, ஒரு கால் செருப்பு அறுந்து கையில் இருந்தது. "பாப்பா எங்க?" என்று மட்டும் கேட்டார். அவள் ஓடிவந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். விரலில் குத்திப் பார்த்தார், நன்றாக இருந்தது. ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி நடந்தார். நான் என் செருப்பைக் கொடுத்தேன். 

இப்படியே போயிருக்கும். அந்த ஆயுத பூஜை வந்தது.

என் வீட்டுக்காரருக்கு வருஷத்தில் முக்கியமான நாள் அது. கடையில் உள்ள மோட்டார், ஸ்பேனர், பைக் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பார். வீட்டில் என் தையல் மிஷின், மிக்ஸி, ஏன், ஃபிரிட்ஜுக்குக்கூட வைப்பார். வைத்துவிட்டால் மறுநாள் வரைக்கும் அதைத் தொடக்கூடாது; ஆயுதத்துக்கு ஓய்வு. ஃபிரிட்ஜுக்கு மட்டும் நான் சண்டை போட்டு விலக்கு வாங்கியிருக்கிறேன். கடைப் பூஜை முடித்துவிட்டு அக்கா தனியாக இருக்கிறார் என்று வேங்கிக்காலுக்குப் போவார். அங்கே முடித்துவிட்டு வந்துதான் எங்கள் வீட்டில் படையல். அதற்கு முன்னால் யாரும் வாயில் எதுவும் வைக்கக்கூடாது.

அன்றைக்கு அவர் வேங்கிக்காலுக்குப் போனதும், அண்ணி, "நீ இங்க பாத்துக்கடா, நான் போய் வடை சுட்டுக் குடுக்கிறேன்" என்று சாவியைக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டியில் எங்கள் வீட்டுக்கு முந்தி வந்துவிட்டார். வந்த வேகத்தில் அடுப்படியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். இலை போட்டாயிற்று. "அப்பா வந்துட்டே இருக்காரு" என்று நான் சொன்னதை நம்பிப் பாப்பா சாப்பாட்டுக்கான ஊசியைப் போட்டுக்கொண்டாள். அவர் வரவில்லை. போன் பண்ணினால், "வந்துனே இருக்கேன், சின்ன வேலை" என்றார். படையல் போடாமல் பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பது? வடை வாசனையில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். பாப்பாவின் போன் புத்தகங்களோடு சாமி படத்துக்கு முன்னால் இருந்தது. பள்ளிக்கூடத்தில் கிண்டல் செய்கிறார்கள் என்று அதன் சத்தத்தை அவள் எப்போதும் அடைத்தே வைத்திருப்பாள்.

"பாப்பா, அந்தப் பட்டுப் பாவாடையை மாத்திக்கிறியா?" என்று கேட்டேன். "சரிம்மா" என்றாள்.

"தலையில இந்த கனகாம்பரத்தை வச்சுக்கோ." அதற்கும் "சரிம்மா."

என் மகள் ஒன்றுக்கும் சரி என்று சொல்கிறவள் இல்லை. கனகாம்பரம் என்றால் ஊரைக் கூட்டுவாள். கிட்டப் போய்ப் பார்த்தேன், மேலுதட்டில் பொடிப்பொடியாக வேர்த்திருந்தது.

"அண்ணி, பாப்பா சரியில்ல."

அண்ணி கரண்டியை வைத்துவிட்டுப் போனைப் பார்த்தார். "நூத்தி இருபது இருக்கேம்மா. போனும் கத்தலையே. பசியா இருக்கும்."

"நம்பரை விடுங்க அண்ணி, பிள்ளையைப் பாருங்க!"

படையலுக்கு வைத்திருந்த நாட்டுச் சர்க்கரையை இலையோடு இழுத்தேன். சாமியாவது பூதமாவது! கைநிறைய அள்ளி அவள் வாயில் போட்டேன், தண்ணீரை ஊற்றினேன். விரலில் குத்திப் பார்த்தால் ஐம்பதுக்கும் கீழே. அவள் கண் சொருகிக்கொண்டு வந்தது. இன்னும் கொடுத்தேன். கொஞ்ச நேரம் என் தோளிலேயே கிடந்தாள். அப்புறம் மெல்ல, "அம்மா, இந்தப் பூ வேணாம், நாறுது" என்றாள். போன உயிர் எனக்கு வந்தது.

அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வேண்டும். பிள்ளை பிழைத்த சந்தோஷம் மட்டும் இல்லை அது. நான் கண்டுபிடித்தேன், அவர் கண்டுபிடிக்கவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாரே, நான்தானே முந்தினேன்! பிள்ளையின் வாயெல்லாம் சர்க்கரை ஒட்டியிருக்க, அவளைத் துடைத்துக்கொண்டே நான் அண்ணியை நிமிர்ந்து பார்த்தேன்.

அண்ணி போனை அப்படியும் இப்படியும் தள்ளிக்கொண்டிருந்தார். அந்த நூற்று இருபது வெகுநேரத்துக்கு முன்னால் வந்த எண். அதற்கப்புறம் ஒரு புள்ளியும் வரவில்லை. டப்பா நிற்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை, அதனால் எண் எப்போது வந்தது என்று பார்க்கவும் இல்லை. அப்போதுதான் என் வீட்டுக்காரர் நெற்றி நிறையக் குங்குமத்தோடு உள்ளே வந்தார்.

"சாரிக்கா, லேட்டாயிடுச்சு. உன் டப்பாவை ஒயரெல்லாம் கழட்டி நல்லாத் துடைச்சு, பொட்டு வச்சு, சாமிகிட்ட வச்சுட்டேன். பாவம், வருஷம் பூரா அதுவும்தானே ஒழைக்குது."

அவர் அன்பாகத்தான் செய்தார். அந்த மனுஷனை என்ன சொல்வது? அண்ணி அவரைத் திட்டவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். என்னிடம்தான் பேசினார்.

"உனக்குப் பிள்ளை எதிர்ல உக்காந்திருக்கா. மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சுட்ட. எனக்கு அந்த நம்பர்தானேம்மா. அது இல்லன்னா எனக்கு ஒண்ணுமே தெரியல பாரு."

அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. ஒரு வார்த்தை சமாதானமாகச் சொல்லியிருக்கலாம். "எண்ணெய் காயுது அண்ணி" என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் டப்பாவைத் துணிப்பையில் போட்டு எடுத்து வந்தார். அதன் மேல் குங்குமம் அப்படியே இருந்தது. எங்கள் வீட்டு நெட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் மாட்டினார். அது நின்றுபோனால் எப்படி எழுப்புவது, எண் பழசானால் எப்படித் தெரியும் என்று என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். நான் அடைத்து வைத்திருந்த சத்தத்தைத் திறந்துவிட்டார்.

"இனிமே இது இங்கயே இருக்கட்டும். ஆஃப் மட்டும் பண்ணாத. அவன் சொன்னாலும் பண்ணாத. சாமியே வந்து சொன்னாலும் பண்ணாத."

அதற்கப்புறம் வேங்கிக்காலிலிருந்து போன் வருவது நின்றுபோனது. கத்தினால் என் போன்தான் கத்தும், நான்தான் ஓடுவேன். எல்லாம் முடிந்து பாப்பா தெளிந்தபின் சில சமயம் கூப்பிடுவார். "இறங்குச்சாம்மா?" என்பார். "அப்பவே பாத்துட்டேன் அண்ணி, சர்க்கரை குடுத்துட்டேன்" என்று நான் சொல்வேன். அதைச் சொல்வதில் எனக்கு இருந்த ருசி கொஞ்சநஞ்சமில்லை. அவருக்கு வயதாகிறது, கவனம் கம்மியாகிவிட்டது என்று என் அம்மாவிடம்கூடச் சொன்னேன். அப்படி ஒரு வருஷம் போல ஜெயித்துக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் கீழ்பென்னாத்தூரில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். முகூர்த்தம் முடிந்து முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது. மேளச் சத்தத்தில் என் பைக்குள் இருந்த போன் கத்தியது எனக்குக் கேட்கவில்லை. நான் ஒரு தூரத்து உறவுக்காரியிடம் அவள் போட்டிருந்த ஜாக்கெட்டின் கழுத்து வெட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பாப்பா எனக்கு அடுத்த நாற்காலியில், பேசாமல். தற்செயலாகத்தான் எதிர்ப்பக்கம் பார்த்தேன். தூண் ஓரமாக அண்ணி நின்றிருந்தார். ஒரு கையில் போன். இன்னொரு கையில், வரவேற்பில் கொடுக்கிற ரோஸ்மில்க் டம்ளர். குடிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளர் சாய்ந்தது தெரியாமல், ரோஸ்மில்க் விளிம்பில் வழிந்து அவருடைய நல்ல பட்டுப்புடவையில் சொட்டிக்கொண்டிருந்தது. ஓர் அடி முன்னால் வைத்தார். போனைப் பார்த்தார். அந்த அடியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. பாப்பாவைத் திரும்பிப் பார்த்தேன், முகம் வெளுத்திருந்தது. பையைத் துழாவி குளுக்கோஸை எடுத்துக் கொடுத்தேன். "நீ பாத்துட்டியாம்மா" என்று அவள் வாங்கிக்கொண்டாள். மறுபடி நிமிர்ந்தால் தூண் ஓரத்தில் அண்ணி இல்லை. பந்தியில் யாருக்கோ தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார், ஒன்றும் நடக்காத மாதிரி.

வீட்டுக்கு வரும் வழியில் பாப்பாவைக் கேட்டேன். "அத்தை போன்லயும் இன்னும் நம்பர் வருதும்மா, எப்பவும் அப்படித்தான்" என்றாள். "முதல்ல எனக்கு மெசேஜ் போடும், அம்மா பாத்தாளான்னு. இன்னும் இல்லன்னா, இரு, பாப்பா, கொஞ்சம் பொறு, ரொம்ப இறங்கினா நானே கூப்பிடுறேன்னு சொல்லும். நீ வந்ததும் மெசேஜை நிறுத்திடும்."

பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு நான் வந்தேன். ஒரு வருஷமாக நான் ஜெயித்ததெல்லாம் அவர் ஒதுங்கி நின்று விட்டுக்கொடுத்தது. பொறாமை பொறாமையாக வந்தது எனக்கு, முன்னெப்போதும் வந்ததைவிட அதிகமாக. என் பிள்ளைக்கு இறங்குகிறது என்று தெரிந்தபின் யாருக்காகவும், யார் மனசுக்காகவும், என்னால் ஒரு நொடிகூட அந்தத் தூண் ஓரத்தில் நின்றிருக்க முடியாது.